உண்ணி மருந்து அடித்த அன்று பெண் பார்க்க வந்தார்கள்

அடுத்தவருக்குப் புத்தி சொல்வதையே வேலையாக வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை அந்தப் புத்திக்கும் லீவு கொடுத்துவிடுவார்கள். நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில் பாதுகாப்பு அதிகாரி. "மாஸ்க் எங்கே?" என்று கேட்டுக் கேட்டே தொண்டை கட்டியவள். (முதுகுக்குப் பின்னால் என் பெயர் மாஸ்க் மேடம்.)

என்னைப் பெண் பார்க்க வருகிற அன்று காலை, மண்ணூரில் எங்கள் வீட்டு வாசலில் கட்டியிருந்த பசு ராணிக்குக் காதெல்லாம் உண்ணி.

"வர்றவங்க இத்தத்தான் மொதல்ல பாப்பாங்க. மருந்து அடிச்சி வுடு" என்றாள் அம்மா.

கால்நடை மருத்துவர் கொடுத்திருந்த டெல்டாமெத்ரினை அவர் சொன்ன அளவில் தண்ணீரில் கலந்தேன். பால் மாதிரி வெளுத்தது. சும்மா கலக்கவில்லை, வகுப்பும் எடுத்தேன். சாமந்தி வகைப் பூ ஒன்றில் இருக்கும் நஞ்சைப் பார்த்துச் செயற்கையாகச் செய்த மருந்து, உண்ணியின் நரம்பு ஓயாமல் துடித்துத் துடித்தே செயலிழந்துபோகும், மாட்டின் உடம்பு அதை உடைத்து வெளியேற்றிவிடும் என்றெல்லாம் விளக்கினேன்.

"கைக்கு உறை கிறை வாணாமா?"

"பூ மருந்துதாம்மா."

(பி.எஸ்சி. வேதியியல், முதல் வகுப்பு.) காற்றுக்கு எதிரே நின்று அடித்தேன். ராணி தலையை உதறினாள். ஈரக் கையாலேயே முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

பட்டுப்புடவை கட்டும்போது கன்னம் குறுகுறுத்தது. பிறகு ஊசியாய்க் குத்தியது, அப்புறம் எரிந்தது. உண்ணியைப் பற்றி நான் நடத்திய பாடத்தை என் நரம்புகள் செய்துகாட்டின. மருத்துவருக்குப் போன் செய்தேன்.

"சோப்பு போட்டு நல்லா கழுவிட்டு எண்ணெய் தடவுங்க. நாளைக்குள்ள சரியாயிடும். மாடு நல்லாருக்கா?"

மாடு நன்றாகத்தான் இருந்தது.

ஆக, முகமெல்லாம் தேங்காயெண்ணெயும் கண்ணீரும் வழிய மாப்பிள்ளை முன்னால் போய் உட்கார்ந்தேன். போட்டோ பார்த்த அன்றே எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது, அதுதான் கொடுமை. தனியாகப் பேச வாசலுக்கு அனுப்பினார்கள். அவர் மெதுவாகச் சொன்னார்:

"இஷ்டம் இல்லன்னா அழுவாதீங்க. பொண்ணு வாணாம்னு நானே சொல்லிக்கிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ, இஷ்டந்தாங்க. மாட்டுக்கு உண்ணி மருந்து அடிச்சேன், மூஞ்சில பட்டுடுச்சி."

அவர் என்னையும் ராணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாஸ்க் போடலையா?"

ஆயிரம் பேரை நான் கேட்ட கேள்வி என்னிடமே திரும்பி வந்தது. நாங்கள் சிரித்தது கூடம் வரை கேட்டது. அம்மா அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு காபி போடப் போய்விட்டாள்.

இன்றும் வெங்காயம் நறுக்கி என் கண் கலங்கினால் போதும், கூடத்திலிருந்து குரல் வரும்: "இஷ்டம் இல்லன்னா இப்பக்கூட சொல்லிடு." அதற்குள் எங்கள் மகள் மாஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள்.