ஏழாம் நம்பர் காற்றாலை

"வலிக்குதா?" என்று கேட்டார் பல் டாக்டர்.

நாற்காலியில் மல்லாந்து கிடந்த லாரி டிரைவர் கண்ணை உருட்டினார். அவர் வாயில் இரண்டு பஞ்சு உருண்டை, எச்சில் உறிஞ்சும் குழாய் ஒன்று, போதாக்குறைக்கு டாக்டரின் இரண்டு விரல் இருந்தன.

"எனக்கு வலிக்குது," என்றார் டாக்டர். "போன வாரம் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்துச்சாம். எந்த மக்கள்? யார் கருத்து? எனக்குச் சொன்னாங்களா? உங்களுக்காவது சொன்னாங்களா?"

"ஆ..."

"பாத்தீங்களா. உங்களுக்கும் சொல்லலை."

டாக்டருக்குக் காற்றோடு எந்த விரோதமும் கிடையாது. ஊருக்கு வெளியே மேட்டில் ஒரு கம்பெனி ஒன்பது காற்றாலை நிறுத்தப்போகிறது என்று கேள்விப்பட்டபோது, நல்லது, மின்சாரம் வரட்டும் என்று சொன்ன மனிதர்தான். அப்புறம் கம்பெனி அடித்த வரைபடம் கையில் கிடைத்தது. ஏழாம் நம்பர் புள்ளி, அவருடைய கிளினிக்கின் மேற்கு ஜன்னலுக்கு நேர் பின்னால் இருந்தது.

சாயங்காலம்தான் அவருக்குக் கூட்டம். வேலை விட்டு வருகிறவர்கள் எல்லாம் நாலு மணிக்கு மேல்தான் வருவார்கள். அந்த நேரத்தில் சூரியன் காற்றாலைக்குப் பின்னால் இறங்கினால், மூன்று இறக்கையின் நிழலும் ஜன்னல் வழியாக நுழைந்து, திறந்த வாயின்மேல் வெட்டி வெட்டி ஓடும். இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம். கையில் துளைபோடும் மெஷின். இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாக்கைக்கூடக் கீறாத கை அது. திரை போட்டுக்கொள்ளலாமே என்று சொன்னவர்களை டாக்டர் பார்த்த பார்வையில் அவர்களுக்கே பல் கூசியது. அவன் காற்றாலைக்கு நான் ஏன் ஜன்னலை மூட வேண்டும்?

கம்பெனியின் ஊர்த் தொடர்பு அலுவலகம், மூடிப்போன ஒரு செருப்புக்கடையில் இருந்தது. காலைப் பார்த்துக்கொள்ளும் சாய்ந்த கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. அங்கே ஒரு பெண் அதிகாரி, ஒரு மேஜை, ஒரு பதிவேடு.

"கூட்டத்துக்கு ஏம்மா யாரையும் கூப்பிடலை?"

"நோட்டீஸ் ஒட்டியிருந்தோமே டாக்டர்."

ஒட்டித்தான் இருந்தார்கள். கண்ணாடிக் கதவின் உள்பக்கம், எழுத்து உள்ளே பார்த்தபடி.

"சரி, கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தாங்க?"

"நான் இருந்தேன். எங்க எஞ்சினியர் இருந்தார். போட்டோகிராபர் இருந்தார்."

"ஊர்க்காரங்க?"

"இந்த ஊர்ல யாருமே வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க டாக்டர்," என்றாள் அவள், நிஜமாகவே வருத்தத்தோடு. "நீங்க வந்ததுக்கு ரொம்ப நன்றி. இதுல பேரும் கையெழுத்தும் போட்டுடுங்க."

டாக்டர் பதிவேட்டில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, ஏழாம் நம்பரைத் தள்ளி வைக்கச் சொன்னார். நன்றி என்றாள். இது அராஜகம் என்றார். கருத்துக்கு நன்றி என்றாள். மேஜையைத் தட்டினார். மேஜைக்கு ஒன்றும் ஆகவில்லை, அவருக்குத்தான் மணிக்கட்டு பிசகியது. அதற்கும் நன்றி சொல்லியிருப்பாள், அதற்குள் வெளியே வந்துவிட்டார். அன்றிலிருந்து டாக்டர் வீட்டில் அவளுக்கு நன்றியம்மா என்று பெயர்.

மறுநாள் ஒரு கடிதம் எழுதினார். கடிதமா அது, நெருப்பு. 'ஊருக்கு நன்மை, ஊருக்கு நன்மை என்று துண்டுப் பிரசுரத்தில் எழுதுகிறீர்களே, இந்தத் தெருவுக்கு இதுவரை ஒரு விளக்காவது போட்டீர்களா?' என்று முடித்திருந்தார்.

இரண்டே வாரத்தில் கிளினிக் வாசலில் விளக்குக் கம்பம் முளைத்தது. அதில் ஒரு தகடு. 'பல் டாக்டரின் அன்பு வேண்டுகோளுக்கிணங்க'.

டாக்டர் விடுவிடுவென்று வெளியே வந்தார். ஸ்டூலைப் போட்டு, ஸ்க்ரூடிரைவரோடு ஏறி, தகட்டைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு திருகு கழன்றது. இரண்டாவதைத் திருகும்போது கீழே பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. அடுத்த துண்டுப் பிரசுரத்தின் முதல் பக்கத்திலேயே அந்தப் போட்டோ வந்தது. 'தம் கையாலேயே பெயர்த் தகட்டைப் பொருத்தும் பல் டாக்டர்'.

அதற்குப் பிறகு அவரால் தெருவில் நடக்க முடியவில்லை. எதிரே இருந்த மருந்துக்கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பேச்சைத்தான் கம்பெனி கேக்குதாமே. என் மச்சான் பையனுக்கு ஒரு வேலை சொல்லுங்களேன்."

"யோவ், நான் அவங்களை எதிர்க்கறேன்யா!"

"எதிர்த்தாத்தான் கொடுப்பாங்கன்னு எனக்கும் தெரியும் டாக்டர்," என்று அவர் கண்ணைச் சிமிட்டினார்.

இன்னும் சிலர் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். விலை போய்விட்டார் என்று காதுபடவே சொன்னார்கள். வாய் திறந்து ஒரு கேள்வி கேட்க வக்கில்லாத ஊர், கேட்ட ஒரே ஆளைச் சந்தேகப்படுவதற்கு மட்டும் முதல் ஆளாக நின்றது.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் கிளினிக்கில் சீட்டு எழுதும் அவர் மனைவி.

"சொல்லாதே."

"நீங்க ஒண்ணுமே செய்யாம சும்மா இருங்க. அதுவே போதும்."

"சும்மா இருக்கறதா? இந்த ஊரே சும்மா இருந்துதான் நாசமாப் போச்சு."

இனி தனி ஆளாகப் போய்ப் பிரயோஜனமில்லை என்று முடிவுகட்டினார். திட்டத்துக்கு அனுமதி கொடுக்கிற அரசு அலுவலகத்தில் கருத்துச் சொல்ல மாதக் கடைசி, சாயங்காலம் ஐந்து மணிவரை கெடு. பத்து நாள் இருந்தது. நாற்காலியில் படுத்த ஒவ்வொருவரிடமும், வாயில் பஞ்சை வைத்த கையோடு, அட்டையில் செருகிய தாளை நீட்டினார்.

"ஏழாம் நம்பரை எதிர்க்கிறீங்கதானே?"

"ஆ..."

"போடுங்க கையெழுத்து."

தலைக்குமேல் மெஷின் சுற்றிக்கொண்டிருக்கும்போது மறுக்கிற தைரியம் யாருக்கு உண்டு? கூட வந்தவர்கள், வெளியே காத்திருந்தவர்கள், தெரியாமல் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தவர் உட்பட எல்லோரும் போட்டார்கள்.

கெடுவுக்கு முந்தின நாள் கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். அனுமதி அலுவலகத்து அட்டெண்டர். பஞ்சை வைத்துவிட்டு டாக்டர் தாளை நீட்டியதும், மனிதர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணை அகல விரித்தார். வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பஞ்சை வெளியே எடுக்கப் பார்த்தார். டாக்டர் அதைத் திரும்ப உள்ளே தள்ளினார்.

"அந்த ஆபீஸ்லயே வேலை பாக்கறீங்க, பயம் இருக்கும். நீங்க போட வேண்டாம்."

"ஊம்... ஊம்..." அட்டெண்டர் தாளைக் காட்டி, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ரெண்டு பல்லா? அதையும் பாத்துடலாம்."

பக்கத்துப் பல்லிலும் லேசாகச் சொத்தை இருக்கத்தான் செய்தது. அதையும் துளைத்து அடைத்தார். புதுப் பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, "ராத்திரிவரை பேசவே கூடாது," என்று அனுப்பிவைத்தார். வாசல்வரை போன அட்டெண்டர் திரும்பி நின்று மறுபடி இரண்டு விரலைக் காட்டினார். நன்றியுள்ள மனிதர் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

கடைசி நாள் நாலு மணிக்குக் கிளினிக்கைப் பூட்டினார். இருபத்திரண்டு வருஷத்தில் வேலை நாளில் பூட்டியது அதுதான் முதல் தடவை. செருப்புக்கடையைத் தாண்டும்போது, நன்றியம்மா பதிவேட்டையும் வரைபடத்தையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். மேட்டுக்குக் குடிபோகிறார்கள், வேலையை ஆரம்பிக்கப்போகிறார்கள். டாக்டர் கையெழுத்துத் தாள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். ஓட்டமும் நடையுமாகப் போனார்.

நாலு நாற்பதுக்கு அனுமதி அலுவலக மேஜைமேல் கட்டைப் பொத்தென்று போட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. மேஜைக்குப் பின்னால் அதே அட்டெண்டர், கன்னம் லேசாக வீங்கியபடி.

"டாக்டர், இதைக் கொடுத்துத்தான் ஆகணுமா? பேசாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்களேன். ஏன்னா..."

"ஓஹோ. உங்களையும் வாங்கிட்டாங்களா?"

"அதில்லை டாக்டர், நான் சொல்றதை..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். கொடுத்ததை வாங்கறது உங்க கடமை. சீல் வைங்க!"

அட்டெண்டர் பெருமூச்சு விட்டு, ஒவ்வொரு தாளாக எண்ணி சீல் வைத்தார். கடைசித் தாளில் குத்தி முடித்தபோது மணி நாலு ஐம்பத்தைந்து. ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு போனை எடுத்து ஒரு நம்பரைச் சுழற்றினார்.

"மேடம், பெட்டியைப் பிரிச்சிடுங்க. கிடைச்சிடுச்சு... ஆமா, அவரேதான்... சொல்லிடறேன்." போனை வைத்தார். "மேடம் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."

"எதுக்கு?"

அட்டெண்டர் வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஆதரவோ எதிர்ப்போ, ஊர்க்காரங்க இருநூறு பேராவது கருத்துச் சொல்லலைன்னா திட்டம் தானா ரத்து ஆயிடும் டாக்டர், நேத்துவரைக்கும் உங்க ஒருத்தர் பேர்தான் இருந்துச்சு, அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், நீங்க பஞ்சை வச்சு அடைச்சிட்டீங்க."