மேலே இருப்பவரின் மனசுப் பேப்பர்

"பூஜ்யம் வாங்கியிருக்கீங்க" என்றார் டாக்டரம்மா.

"ரொம்ப நன்றிங்க" என்றார் கிரேன்காரர்.

"நான் பாராட்டல. இந்தத் தாள்ல பூஜ்யம் வாங்கக் கூடாது."

கிரேன்காரருக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பூஜ்யம் வாங்கி உதை வாங்கியிருக்கிறார், அது கணக்கு. இது பதற்றம். பதற்றம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்றுதானே எந்த மடையனும் நினைப்பான்? துறைமுகத்தில் நூற்றைம்பது அடி உயரத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, இருபத்தாறு வருடமாகக் கப்பலிலிருந்து கண்டெய்னர் இறக்குகிறவர் அவர். "மேல இருக்கிறவர் பாத்துக்குவாரு" என்று கீழே யாராவது சொன்னால், அது கடவுளா இவரா என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் குழம்புவார்கள்.

அந்த வருடம் கம்பெனி ஒரு புது விதி போட்டிருந்தது. உயரத்தில் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாளை நிரப்பிக் கொடுக்க வேண்டும். தூக்கம் கெடுகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, கெட்டது ஏதோ நடக்கப்போகிறது என்று தோன்றுகிறதா, இப்படி. ஒவ்வொரு கேள்விக்கும் 'இல்லை', 'சில நாள்', 'பல நாள்', 'தினமும்' என்று நான்கு கட்டங்கள். அதற்குக் கம்பெனி வைத்த பெயர் ஒரு முழ நீளம். தொழிலாளிகள் அதை மனசுப் பேப்பர் என்று சுருக்கிவிட்டார்கள். கிரேன்காரர் பத்துக்கும் 'இல்லை' போட்டு, மீதி நேரத்தில் டீ குடித்துவிட்டு வந்தவர்.

"அவ்வளவு உயரத்துல உட்கார்றவருக்கு ஒரு நாள்கூட லேசா ஒரு படபடப்பு வரலைன்னா, ஒண்ணு பொய் சொல்றீங்க, இல்ல கேள்வியைப் படிக்கல. ரெண்டையும் கம்ப்யூட்டர் ஒத்துக்காது" என்றார் டாக்டரம்மா.

"நிஜமாவே வரலைன்னா?"

"அதுக்குக் கட்டம் இல்லங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமா யோசிச்சு எழுதிட்டு வாங்க."

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து, பேனாவின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். யோசிக்க யோசிக்க மனம் துடைத்துவைத்த சிலேட்டு மாதிரிதான் இருந்தது. இல்லாத பயத்துக்கு மனிதன் எங்கே போவான்? விடை தெரியாத மாணவன் பரீட்சையில் என்ன செய்வானோ அதையே அவரும் செய்தார். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்.

பக்கத்தில் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ராத்திரி நீ எத்தனை தடவை எழுந்திருக்கிற?"

"மூணு."

"எதுக்கு?"

"தண்ணி குடிக்க."

"மூணு தடவையுமா?"

"தாகமா இருக்கும்."

தூக்கம் பற்றிய கேள்விக்கு 'தினமும்' போட்டார்.

"போன் அடிச்சா ஏன் அப்படி ஓடுற? போன வாரம் அதுலதானே பால் பொங்கிப் போச்சு?"

"பொங்கினா துடைச்சுக்கலாம்" என்றாள் அவள், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படபடப்புக்கும் 'தினமும்'.

அதற்கு மேல் அவளைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. விடைகள் கடகடவென்று வந்தன. பூட்டிய கதவைத் திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பாள். காற்று கொஞ்சம் வேகமாக வீசினால் போதும், பால்கனிக்குப் போய்க் கொடியில் கிடக்கும் துணி எப்படிப் பறக்கிறது என்று பார்த்துவிட்டு வருவாள். எடுக்க மாட்டாள்; பார்ப்பாள், அவ்வளவுதான். "துணிக்குக் காவலா?" என்று அவர் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார். உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லையா என்ற கேள்விக்கு அது பொருத்தமாக இருந்தது. 'தினமும்'.

எதற்கு இதெல்லாம் செய்கிறாய் என்று அப்போது அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்றுவரை அவரை அறுத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வார்த்தைதான். அன்றைக்கோ, பாஸாகிவிடுவோம் என்ற குஷியில் அவர் கால் தரையில் பாவவில்லை.

"அப்படி என்ன எழுதுறீங்க?" என்றாள் அவள்.

"உன்னைப் பார்த்துக் காப்பி அடிக்கிறேன்."

"முத்து முத்தா எழுதுங்க" என்று சிரித்தாள்.

மறுநாள் தாளைக் கூட்டிப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"முப்பதுக்கு இருபத்தேழு! இந்த நிலைமையில நீங்க சைக்கிள்கூட ஓட்டக் கூடாது."

"அப்படியா? கொஞ்சம் குறைச்சுக்கலாமா?"

"பேரம் பேசுறதுக்கு இது சந்தை இல்லங்க. ரெண்டு வாரம் வீட்ல ஓய்வு."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, பயமே இல்லை என்பதால் திருப்பி அனுப்பப்பட்டவர், பயம் மிஞ்சிப்போனதால் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

வேலை இல்லாத ஆள் வீட்டில் இருந்தால் வீடு தாங்காது. முதல் நாள் ஒழுகாத குழாயைச் சரிசெய்தார். அது ஒழுகத் தொடங்கியது. இரண்டாம் நாள் அலமாரியை நகர்த்தினார். அதன் ஒரு கால் கையோடு வந்துவிட்டது. மனைவி குழாய்க்கு அடியில் ஒரு பக்கெட்டை வைத்தாள், அலமாரிக்கு அடியில் ஒரு செங்கல்லை வைத்தாள்.

நான்காம் நாள் மைத்துனன் போன் செய்தான். துறைமுகத்தில் கீழே நின்று கொக்கி மாட்டுகிறவன், மனைவியின் தம்பி.

"என்ன மாமா, இருபத்தேழாமே? ஊரே பேசுது."

"என் வயித்தெரிச்சலைக் கிளப்பாத மச்சான். வழி இருந்தா சொல்லு."

"நம்மாளுங்க யாருமே யோசிச்சு எழுதறதில்ல மாமா. பத்துக்கும் 'சில நாள்'ல டிக் போட்டுருங்க. ரொம்ப நல்லவனும் இல்ல, ரொம்பக் கெட்டவனும் இல்ல. விட்டுருவாங்க."

வார முடிவில் மறுபடி எழுத அனுமதி இருந்தது. பத்துக்கும் 'சில நாள்' போட்டுக் கொடுத்தார்.

"முதல்ல பூஜ்யம், அப்புறம் இருபத்தேழு, இப்போ ஸ்கேல் வச்சுக் கோடு இழுத்த மாதிரி பத்து" என்றார் டாக்டரம்மா. "படிக்காம நிரப்பினதுன்னு கம்ப்யூட்டர் துப்பிடுச்சு. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான். அடுத்த வாரம் வாங்க. அதுலயும் சரியா வரலைன்னா உங்களைக் கிடங்குக்கு மாத்திடுவாங்க, நிரந்தரமா. வரும்போது வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

கிடங்கு என்றதும் அவருக்கு நெஞ்சு அடைத்தது. படி ஏற முடியாதவர்கள் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து திருகாணி தரம் பிரிக்கிற இடம் அது. மேலே இருந்து பார்த்தால் கடல் மடிப்பு மடிப்பாகத் தெரியும். காலையில் முதல் பெட்டியைத் தூக்கும்போது கயிறு லேசாக ஒரு சத்தம் போடும். அதையெல்லாம் விட்டுவிட்டுத் திருகாணியா? அப்போது யாராவது அவரிடம் அந்தத் தாளை நீட்டியிருந்தால் நியாயமான ஒரு பதினைந்து வாங்கியிருப்பார். யாரும் நீட்டவில்லை.

அவரை அதைவிட நோகடித்தது மனைவிதான். அவர் கூண்டுப் புலி மாதிரி கூடத்தில் நடந்துகொண்டிருக்க, அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தலை வாரினாள். மதியம் சோபாவில் சாய்ந்தவள் வாய் லேசாகத் திறந்திருக்க மூன்று மணி நேரம் தூங்கினாள். போன் தலையணைக்கு அடியில் அடித்து ஓய்ந்தது.

"என் பிழைப்பே அந்தரத்துல தொங்குது. உனக்குக் கொஞ்சமாவது கவலை இருக்கா?" என்று வெடித்தார்.

"அந்தரத்துலதானே இத்தனை வருஷமா பிழைக்கிறீங்க? கை கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது."

அவருக்குச் சாப்பாடே வேண்டாம் என்று இருந்தது. ஆனாலும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

கடைசி நாள். மனைவியை வெளியே பெஞ்சில், டோக்கன் கொடுக்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார்.

"இனிமே மறைக்காதீங்க. அந்த இருபத்தேழு எங்கேருந்து வந்துச்சு?" என்றார் டாக்டரம்மா.

கிரேன்காரர் தலையைச் சொறிந்தார். "அது என்னுது இல்லங்க. வீட்டுக்காரியோடது. பார்த்து எழுதினேன்."

டாக்டரம்மா அந்தத் தாளைத் தேடி எடுத்து முதலிலிருந்து படித்தார்.

"அப்போ இது பொய் இல்ல. இதுல பேருதான் தப்பு. எத்தனை வருஷமா அவங்க இப்படி?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து. அது அவ சுபாவம்னு நினைச்சுட்டேங்க."

சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. பத்தில் எட்டு விடைகளை அவளைக் கேட்காமலே எழுதத் தெரிந்திருந்தது. அவ்வளவு நன்றாகப் பார்த்திருக்கிறார். பார்த்து, கேலி செய்து, புரண்டு படுத்துத் தூங்கியிருக்கிறார். இருபத்தாறு வருடம்! தன்மீதே அவருக்கு வெறுப்பு வந்தது. இவளை ஒரு நாளாவது கூட்டி வந்திருக்கலாமே என்று நினைத்தபோது கண் கலங்கியது.

டாக்டரம்மா மனைவியை உள்ளே அழைத்துப் புதுத் தாள் ஒன்றைக் கொடுத்தார். "பயப்படாம எழுதுங்கம்மா. உள்ளதை உள்ளபடி."

"எப்போலேருந்து சொல்லணும்?"

"மேல போட்டிருக்கு பாருங்க. கடந்த ரெண்டு வாரம். பழசெல்லாம் வேண்டாம்."

அவள் ஒவ்வொரு கேள்வியாகப் படித்தாள். அவசரமில்லாமல் டிக் போட்டாள். டாக்டரம்மா வாங்கிக் கூட்டினார். மறுபடி கூட்டினார்.

"பூஜ்யம்!"

"கம்ப்யூட்டர் ஒத்துக்காதே" என்றார் கிரேன்காரர் பதறி.

"உயரத்துல ஏறாதவங்க பூஜ்யம் வாங்கலாம். தூக்கம் எப்படிம்மா?"

"நல்லா தூங்குறேன்."

"படபடப்பு?"

"இல்லங்க."

"தாகம்?" என்று குறுக்கே கேட்டார் கிரேன்காரர்.

"அதுவும் இல்ல."

அவள் பொய் சொல்லவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "ஒண்ணுமில்லாததை நீங்கதான் ஊதிப் பெரிசாக்கிட்டீங்க. ரெண்டு பேருக்கும் எதுவும் இல்ல. உங்க முதல் தாளே சரின்னு நான் கைப்பட எழுதித் தர்றேன். நாளைக்கே ஏறுங்க."

கிரேன்காரரின் வருத்தம் வந்த வழியே போயிற்று. அவ்வளவு சீக்கிரம் போயிருக்க வேண்டாம்.

"கேட்டியா? நாளைக்கே ஏறலாமாம்!"

"கேட்டேங்க" என்றாள் அவள். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

தாள்களைக் கோப்பில் வைக்க வந்த டோக்கன் அம்மா, மேலே அச்சடித்திருந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டார்:

"கடந்த ரெண்டு வாரம்னுதானேம்மா இதுல கேட்டிருக்கு? அந்த ரெண்டு வாரமும் ஐயா வீட்லதானே இருந்தாரு?"