அலுமாரிமேல் றேடன் பெட்டி

சன்னல்களையெல்லாம் திறந்துவிட்டும், அலுமாரிமேல் இருந்த சின்ன வெள்ளைப் பெட்டியில் இலக்கம் இறங்கவில்லை. ஜபார் எட்டி எட்டிப் பார்த்தார். அது முந்நூற்றுக்கு மேலேயே நின்றது.

பெட்டி, நோர்வேயிலிருந்து வந்து தங்கியிருந்த மனைவி ஸும்ராவின் தங்கை றைஸாவுடையது. இது என்னவென்று முதல்நாள் சும்மா கேட்பதுபோல் கேட்டிருந்தார். மண்ணுக்குள்ளிருந்து றேடன் என்றொரு வாயு வீட்டுக்குள் கசியும், கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, நாள்பட்டால் நெஞ்சுக்கு ஆகாது, அதை அளக்கிற பெட்டி என்றாள். அவள் இருக்கும் மலைக்கிராமத்தில் வீட்டுக்கொன்று வைத்திருக்கிறார்களாம். நூற்றைத் தாண்டினால் கவனமாக இருக்க வேண்டுமாம். சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயம் போட்டு வந்த காசில், ஒவ்வொரு சுவராக ஜபார் எழுப்பிய வீடு அது. அதற்குள் ஸும்ரா நிம்மதியாகக் குறட்டை விட, அவர் விடியும்வரை விழித்துக் கிடந்தார். அவளிடம் சொல்லவும் மனம் வரவில்லை. தங்கச்சி முதன்முதலாக வந்து தங்குகிற வீடென்று அவளுக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

சன்னல் வழியாகக் கச்சான் காற்று மணலை அள்ளிவந்து சோற்றில் போட்டது. சன்னல் போதாதென்று கதவையும் திறந்து வைத்தார். ஆடு உள்ளே வந்து றைஸாவின் சால்வையில் பாதியைத் தின்றுவிட்டது.

மண்ணிலிருந்துதானே வருகிறது, வழியை அடைத்துவிட்டால் போச்சு என்று, வள்ளத்துக்குப் பூசுகிற தாரை வாங்கிவந்து நிலத்து வெடிப்புகளில் ஊற்றினார். வீடு நாறியது. ஸும்ரா இருமத் தொடங்கினாள். றேடன் வேலையைக் காட்டிவிட்டது என்று ஜபாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பொழுது சாய்வதற்குள் பாய், தலையணை, சட்டி, பானை எல்லாம் வெங்காயத் தோட்டத்து ஓலைக் குடிலுக்குப் போயின. ஸும்ரா வாசலில் மறித்தாள்.

"ஒங்களுக்கு என்ன புடிச்சிரிக்கி? நோர்வேயில இருந்து வந்த புள்ளய வெங்காயக் குடில்லயா படுக்கப் போடுற?"

அதற்குமேல் ஜபாரால் மறைக்க முடியவில்லை. பெட்டியை எடுத்து நீட்டினார்.

"நம்மட வீடு சரியில்ல, ஸும்ரா. நான் கட்டின வீடுதான் ஒன்ட நெஞ்சத் திங்கிது. இந்த எலக்கத்தப் பாரு."

ஸும்ராவின் கை தன்னையறியாமல் நெஞ்சுக்குப் போனது.

றைஸா பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுட பெட்றி செத்துக் கனநாள், மச்சான். பெட்றி செத்தாலும் கடைசியாக் காட்டின எலக்கம் அழியாம அப்புடியே நிக்கும்," என்றாள். "இது நோர்வேயில எங்கட வீட்டு எலக்கம். அதுக்குப் பயந்துதான் நான் இஞ்ச ஓடி வந்தன்."