இருபது நிமிடம் நின்ற பாலம்

பாலம் கட்டும் வேலையில் பதினேழு வருடம் இருந்துவிட்டு, சொந்தப் பொறுப்பில் ஒரே ஒரு பாலம்தான் கட்டியிருக்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அது இருபது நிமிடம் நின்றது. அந்த இருபது நிமிடத்தில் பாதி நேரம் அதன்மேல் யாரும் இல்லை.

ராணுவம் என்றதும் ஊரில் எல்லோருக்கும் துப்பாக்கிதான் ஞாபகம் வரும். எங்களுடையது கட்டுமானப் பட்டாலியன். எல்லைப்பக்கத்து மலைகளில் ரோடு போடுவதும் பாலம் கட்டுவதும்தான் வேலை. துப்பாக்கியைப் பிடித்த நாட்களைவிட மண்வெட்டியைப் பிடித்த நாட்கள் அதிகம். கோடையில் போட்ட ரோட்டைப் பனி மூடும். பனி விலகும்போது ரோட்டில் பாதி இருக்காது. அதே இடத்தில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம். நாலு வருடம் இப்படிப் போனால், நாம் போட்டது எந்த ரோடு, தூக்கத்தில் கண்டது எந்த ரோடு என்பதே பிடிபடாமல் போய்விடும். அந்த மயக்கம் எனக்குப் பிடித்திருந்தது. காலையில் கண் விழித்தால் காலுக்குக் கீழே மேகம் கிடக்கும். அதன் நடுவே எங்கள் ரோலர் மட்டும் கறுப்பாகத் தெரியும்.

பட்டாலியனின் வரலாறு அலுவலக அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அது ஒரு கடப்பாரை. புல்டோசரும் கிரேனும் இல்லாத காலத்தில், முதன்முதலாகச் சேர்ந்தவர்கள் பாறை குத்திக் குத்தித் தேய்த்தது. முழங்கை நீளம்தான் மிச்சம். பட்டாலியன் பிறந்த நாளில் எல்லோரும் வரிசையாகப் போய் அதற்கு ஒரு சல்யூட் வைப்போம். அவர்கள் விட்டுப்போன வழக்கம் ஒன்றும் உண்டு. புதுப் பாலத்தில் முதல் வண்டி ஏறும்போது, கட்டினவர்களில் ஒருவன் பாலத்துக்குக் கீழே தண்ணீரில் நிற்க வேண்டும். எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. ஆனால் மீறியவனும் இல்லை. நான் நின்றதில்லை. என் வேலை போல்ட் முடுக்குவது. (கிரீஸ் தடவுவதும் உண்டு. வீட்டுக்குப் போன் போட்டால் அதையெல்லாமா சொல்லிக்கொண்டிருப்பார்கள்?)

ஆகவே, திருக்கழுக்குன்றத்துப் பக்கம் எங்கள் ஊரில் நான் பாலம் கட்டுகிறவன். மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் என் தங்கை வேலை பார்த்தாள். லீவில் வரும்போதெல்லாம் அவளைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிடப் போவேன். அதே பஸ்ஸில் கடப்பாக்கத்துக் கஸ்தூரி இருந்தாள். தங்கைமேல் எனக்குத் திடீரென்று அவ்வளவு அக்கறை ஏன் வந்தது என்று வீட்டில் கண்டுபிடிக்க மூன்று லீவு ஆனது.

கஸ்தூரியின் குடும்பம் கடலுக்குப் போகும் குடும்பம். நாங்கள் ஒரு தலைமுறைக்கு முன்வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர்கள். இதில் யாருக்கு என்ன தயக்கம் என்பது இரண்டு பக்கமும் தெரியும். யாரும் உரக்கச் சொல்லவில்லை. அவள் அப்பா கன்னியப்பன் நிச்சயதார்த்தத்துக்கு ஒருவழியாகத் தலையாட்டினார். அவர் தம்பி முனுசாமி ஆட்டவில்லை. ஏதாவது ஒரு சாக்குக் கிடைத்தால் போதும் என்று காத்திருந்தார். அந்தச் சாக்கை நான்தான் கட்டிக்கொடுத்தேன்.

அவர்கள் குப்பம் உப்பங்கழிக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து பார்த்தால் ஆலம்பரைக் கோட்டையின் உடைந்த சுவர் தெரியும். கழிமேல் இருந்த நடைபாலத்தை முந்தின வருட மழை அடித்துக்கொண்டு போய்விட்டது. எல்லோரும் படகில்தான் போய்வந்தார்கள். எங்கள் சனத்தையும் படகில் ஏற்றிக்கொள்வதாகத்தான் ஏற்பாடு.

என் அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். “படகுல நான் ஏற மாட்டேன்டா. எனக்குத் தெரிஞ்ச தண்ணி நடவுத் தண்ணிதான். கெண்டக்கால் வரிக்கும்.”

“அப்போ பாலம் கட்டிடுறேன்” என்றேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் கதைதான்.

நிச்சயத்துக்கு ஒரு வாரம் முன்னால், காலையில் போய் இடம் பார்த்தேன். தண்ணீர், கழி கடலில் சேரும் முகத்துவாரப் பக்கத்திலிருந்து மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது. நோட்டில் கழியை வரைந்து, தண்ணீர் வரும் திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டேன். ஒரே ஓர் அம்புக்குறி. மலையில் ஆறு ஒரு பக்கமாகத்தான் போகும். எட்டு வருடம் பார்த்த ஆறுகள் அத்தனையும் அப்படித்தான் போயின. தண்ணீருக்கு இன்னொரு விதமாகவும் போகத் தெரியும் என்பது எங்கள் பட்டாலியனில் எவனுக்கும் தேவைப்படாத அறிவு.

ஐந்து பைபர் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, சவுக்குக் கட்டைகளைக் குறுக்கே வைத்து, நைலான் கயிற்றால் இறுக்கி, மேலே சென்ட்ரிங் பலகை பரப்பினேன். இரண்டு கரையிலும் முளை அடித்துக் கட்டினேன். நங்கூரங்கள் எல்லாவற்றையும் முகத்துவாரப் பக்கம் இறக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கன்னியப்பன் வந்து ஒரு சுற்று பார்த்தார். “ஏம்பா, நங்கூரம் மொத்தத்தயும் ஒரே பக்கம் எறக்கிகினுகீறே. அந்தாண்ட பக்கத்துக்கு?”

“மாமா, தண்ணி வர்ற பக்கம் போட்டா போதும். பன்னெண்டாயிரம் அடி உயரத்துல நாங்க அப்படித்தான் போடுவோம்.”

“அவ்ளோ ஒசரத்துல கடல் கீதா?”

“இல்ல மாமா.”

“செரி” என்றார். வலை பின்னப் போய்விட்டார். அந்தச் ‘செரி’யை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நிச்சயத்தன்று காலை பத்தரை மணி. பாலத்தில் கடைசி முடிச்சைப் போட்டுப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. பதினொன்றரைக்குள் தட்டு மாற்ற வேண்டும். எங்கள் சனம் முப்பது பேர், வரிசைத் தட்டுகளோடு கரையில் நின்றார்கள். இரண்டு மேளக்காரர்கள், ஒரு நாயனக்காரர். அந்தக் கரையில் கஸ்தூரியும் அவள் ஆட்களும். நான் பட்டு வேட்டி கட்டி, அது அவிழ்ந்துவிடக் கூடாதே என்று பட்டாலியனின் பச்சை பெல்ட்டை மேலே மாட்டியிருந்தேன். வழக்கத்தை விடலாமா? இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் பாலத்தின் ஓரமாக நின்றேன். நடுப் படகிலிருந்து தொங்கிய வால்கயிறு என் கையில் இருந்தது. முதல் ஆளாக அம்மா பலகையில் கால் வைத்தபோது எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக் கடப்பாரை கண்ணில் வந்து நின்றது. ஒரு சல்யூட் வைத்தே தீர வேண்டும் என்று தோன்றியது. கையில் கயிறு. அதை பெல்ட்டுக்குள் இரண்டு சுற்றுச் சொருகிவிட்டு, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தேன்.

கை இறங்குவதற்குள் தண்ணீர் திரும்பிவிட்டது. (உண்மையில் அது விடிகாலையிலேயே திரும்பிவிட்டது. பார்க்க வேண்டியவன் வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.) கழித் தண்ணீர் முழுவதும் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. முப்பது பேரும் ஒவ்வொருவராக ஏறி எடை கூடியதும், சேற்றில் அடித்த முளைகள் வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல வெளியே வந்தன. நங்கூரக் கயிறுகள் தளர்ந்து தண்ணீரில் நெளிந்தன. பாலம் பாலமாகவே, ஒரு பலகைகூட நகராமல், இரண்டு கரையையும் விட்டுவிட்டு முகத்துவாரத்தை நோக்கிக் கிளம்பியது.

அதைப் போல அமைதியான ஒரு விபத்தை நான் பார்த்ததே இல்லை. யாரும் கத்தவில்லை. பயந்தவர்களுக்குக் கத்துவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. மீதிப் பேருக்கு இதுவும் ஏற்பாடுதான் போலிருக்கிறது என்று நினைப்பு. நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாததால் மேளம் வாசித்துக்கொண்டே போனது. ஆரஞ்சுப் பழத் தட்டுகளும் மல்லிகைப்பூவும் சித்திமார்களின் பட்டுப்புடவைகளும் வெயிலில் மின்னிக்கொண்டு நீர்மேல் நகர்ந்தன. மலையில் மேகத்துக்கு நடுவே நின்று பார்த்த காலைகள் எனக்கு ஞாபகம் வந்தன. நடுப் படகில் அம்மா கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள்.

“இன்னும் எவ்ளோ தூரம்டா உன் பாலம்?” என்று கேட்டாள்.

பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. கயிறு விண்ணென்று இறுகி, என்னையும் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போனது. சிப்பி கிழித்துக் கால் எரிந்தது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. நான் விட்டுவிடத்தான் பார்த்தேன். இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிய்த்துப் பார்த்தேன். ஈரத்தில் கயிறு பக்கிளோடு சேர்ந்து ஒரே முடிச்சாகிவிட்டது. கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு, ஒருவன் முப்பது பேரை ஒற்றைக் கயிற்றில் இழுத்து நிறுத்தப் பார்க்கிறான் என்று தெரிந்திருக்கிறது.

நடுவில் இருந்த மணல்திட்டில் போய்ப் பாலம் தட்டி நின்றது. தண்ணீர் வடிய வடியத் திட்டு அகலமானது. எங்கள் சனம் ஒவ்வொருவராக இறங்கி, ஈர மணலில் தட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு நின்றார்கள். இரண்டு பக்கமும் சேறு. தண்ணீர் மறுபடி ஏற மதியம் தாண்டும். மணி பதினொன்றைக் கடந்திருந்தது. என் கல்யாணம் முடிந்தது, அதாவது நடக்காமலே முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். கண்ணைத் துடைத்தேன். அழுகைதான், உப்புத் தண்ணீர்மேல் பழி போட்டுக்கொண்டேன்.

அப்போது அந்தக் கரையிலிருந்து அவர்கள் நடந்து வந்தார்கள். கெட்டித் தரை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். முழங்கால் தண்ணீரில், வளைந்து வளைந்து, கன்னியப்பன் முன்னால், தாம்பூலத் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கஸ்தூரி, பின்னால் முனுசாமி.

முனுசாமி வரும்போதே ஆரம்பித்துவிட்டார். “இன்னாண்ணா இது பேஜாரு? ஏரித்தண்ணி குடிச்சவனுக்குக் கழியாண்ட இன்னா வேல? சகுனமே செரியில்ல. இப்படியே திரும்பிடலாம்.”

கன்னியப்பன் பாலத்தைச் சுற்றிப் பார்த்தார். எத்தனை முடிச்சு, எது இறுக்கம் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் திட்டின் ஓரத்தில் முழங்கால் போட்டுக் கிடந்தேன். கஸ்தூரி தட்டை என் தங்கையிடம் கொடுத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். என் இடுப்பைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“அசையாத” என்றாள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் முதுகைக் காட்டிக் குனிந்து, கொண்டை ஊசியை உருவி முடிச்சை நெம்பினாள். கயிறு விடுபட்டது. நான் அதைத் தண்ணீரில் எறியப் போனேன். அவள் என் கையைப் பிடித்து, கயிற்றை உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

“புடிச்சிக்கோ” என்றாள்.

கன்னியப்பன் திரும்பியபோது நான் கையில் கயிற்றோடு எழுந்து நின்றேன். அவர் தம்பியிடம் சொன்னார். “தண்ணி தெரில, செரி. அத்த சொல்லிக்குடுக்கலாம். ஆனா கயித்த வுடல பாத்தியா? அவங்க அம்மா மேல கீறாங்கன்னு வுடல. கடலுக்குப் போற வூட்டுக்கு வேற இன்னா வோணும்?”

முனுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தட்டுகள் இருந்த பக்கம் நகர்ந்தார். பதினொன்றரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஈர மணலில் நின்று தட்டு மாற்றினோம். மேளம் நிஜமாகவே பொருத்தமான நேரத்தில் வாசித்தது. அம்மா அப்போதுதான் கண்ணைத் திறந்தாள்.

அது நடந்து பன்னிரண்டு வருடம். மாமனார் இந்தக் கதையைச் சொல்லாத விசேஷம் கிடையாது. சொந்தத்தில் யாருக்காவது மாப்பிள்ளை பார்த்தால், “பையன் கயித்த வுடுவானா?” என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். நான் பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்திருப்பேன். கஸ்தூரி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டில் நான் கொஞ்சம் அதிகமாக அளக்கும்போது மட்டும் என் இடுப்பை ஒரு பார்வை பார்ப்பாள், அடங்கிவிடுவேன்.

போன மாதம், கழிமேல் புதிதாக வந்திருக்கும் கான்கிரீட் பாலத்தில் எல்லோருமாக நடந்தோம். நடுவில் நின்று மாமனார் மணல்திட்டைக் காட்டி, என் மகளுக்கு அந்தக் கதையை மறுபடி சொன்னார்.

“கை வலிக்கலியாப்பா?” என்று மகள் கேட்டாள்.

“கை வலிக்கல” என்றாள் கஸ்தூரி, பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக. “இடுப்புதான் ஒரு வாரம் வலிச்சுது.”

எனக்கு அந்தப் பாலம் மெதுவாக நகர்வதுபோல இருந்தது. மாமனார் கைப்பிடியில் சாய்ந்து, கீழே உள்ளே வந்துகொண்டிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

“பெல்ட்டு நல்ல பெல்ட்டு பா.”