துடக்கோடு கோட்டுக்குப் போகாத குற்றம்

என் வேலுக்குட்டிக்கு,

ஆக்களுக்கு முன்னால் இப்படிக் கூப்பிட்டால் முறைப்பீர்கள். இப்போது முறைக்க ஏலாது, அதனால் கூப்பிடுகிறேன். நான் சுகம். உங்கள் சுகத்தையும் கேட்க வேண்டும். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் காட்டித்தந்த கடிதத்தில் அப்படித்தான் இருந்தது, அதற்கு மேல் நான் படிக்கவில்லை. அந்த இருமல் இப்போது நின்றிருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் போன பிறகு நான் குற்றவாளியாகிவிட்டேன். பதறாமல் கேளுங்கள். கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில், மெசினுக்கு வந்த சண்டையில், ஆறாம் மாடிக்காரன் நாலாம் மாடி இராஜரட்ணம் அண்ணையின் கை நசிய மெசின் கதவை அடித்துச் சாத்தியதை நான் ஒருத்திதானே கண்டேன். சாட்சி சொல்ல வரச் சொல்லிப் பொலிஸ் தந்த கடதாசியை நீங்கள்தான் குளிர்பெட்டியில் ஒட்டினீர்கள். "கட்டாயம் போகவேணும். பயப்பிடாதையும், நானும் வாறன்" என்றீர்கள். வந்தீர்களா? வழக்குக்கு முந்தின கிழமையே போய்விட்டீர்கள்.

வழக்கு நாள் துடக்குக்குள், அந்தத் தீட்டு நாட்களுக்குள் விழுந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியாமல் நாங்கள் கோயில் வாசலே மிதிப்பதில்லை. நீதவான் இருக்கிற இடமும் அப்படித்தானே? செத்தவீட்டுத் துடக்கோடு போய் அந்தப் பெரிய மனிசிக்கு முன்னால் நிற்பது மரியாதையா? மரியாதைக்காகத்தான் வீட்டில் இருந்தேன். கோட்டில் அதற்கு வைத்த பெயர் அவமதிப்பு. எட்டாம் நாள் உங்களுக்குப் படைக்கிற எட்டுச் செலவுக்கு வடை சுட்ட எண்ணெய் ஆறவில்லை, வாசலில் இரண்டு பொலிஸ். செத்தவீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பலாமா? வடையும் தேத்தண்ணியும் கொடுத்தேன். ருசித்துத் தின்றார்கள். தின்று முடித்துக் கையைத் துடைத்துவிட்டு, என்னைப் பிடிக்கிற கடதாசியைக் காட்டினார்கள். செலவுக்கு வந்திருந்த மகள் நிலாணி அழுது கதைத்ததில், அந்தியேட்டிக்குப் பிறகு ஒரு திகதிக்கு வருவேன் என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவன் மிச்ச வடையும் கொண்டு போனான்.

உங்கள் மகள் பிக்கரிங்கில் இருந்து தினமும் ரெலிபோனில் ஒரே பாட்டு. "அம்மா, சொறி எண்டு சொல்லிப்போட்டு வாங்கோவன். இஞ்ச கனடாவில பஸ்ஸில காலை மிதிச்சவனும் சொறி எண்டுறான், மிதிபட்டவனும் சொறி எண்டுறான். உங்களுக்கு மட்டும் என்ன?" கோட்டில் எனக்கென்று நிறுத்திய லோயர் பெடியனும் அதையேதான் சொன்னான்: மன்னிப்புக் கேட்டு, சாட்சியும் சொன்னால், நீதவான் அனேகமாக விட்டுவிடுவாராம், முரண்டு பிடித்தால் மறியலில் பூட்டவும் கூடுமாம். மறியலுக்குப் போவேன். உங்களுக்குத் துக்கம் காத்தது பிழை என்று இந்த வாயால் சொல்லிவிட்டு, பிறகு உங்கள் படத்துக்கு எந்த முகத்தோடு பூ வைக்கிறது?

மொழிபெயர்க்க வந்தவர் பஸ்ரியன் என்ற தம்பி, வேதக்காரர், மாதா கோயில் ஆள். வேர்த்துப் போனார்.

"அக்கா, துடக்குக்கு இங்கிலீசில சொல்லே இல்லை. காய்ச்சல் எண்டு விடட்டே?"

"சத்தியம் பண்ணிப்போட்டுக் காய்ச்சலோ? எனக்கு ஒரு காய்ச்சலுமில்லை. உள்ளதைச் சொல்லும் தம்பி."

பாவம், கையையும் காலையும் ஆட்டி நெடுநேரம் விளங்கப்படுத்தினார். நீதவான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அன்றைக்கு நான் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டா. "உங்கட கோட்டை முழுக்கக் கழுவி மஞ்சள் தண்ணி தெளிக்க வேண்டி வந்திருக்கும். அந்த வேலை உங்களுக்கு வேண்டாமெண்டுதான் வீட்டில நிண்டனான்" என்றேன். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். மனிசி சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கிறீர்களா என்றா. "புருசன் செத்ததுக்கு மன்னிப்புக் கேக்கிற வழக்கம் எங்களிட்ட இல்லை" என்றேன். லோயர் பெடியன் தலையில் கை வைத்துவிட்டான்.

அந்த மனிசி ஆறுதலாகச் சொன்னா. துக்கம் காத்ததுக்கு ஒருத்தரும் மன்னிப்புக் கேக்கச் சொல்லேல்லையாம். ஆனால் வரமாட்டன் எண்டு நான் ஒரு சொல் சொல்லேல்லையாம். கையில கட்டோட ஒரு மனிசன் அண்டு முழுக்க நான் வருவனெண்டு பாத்துக்கொண்டு பின்னால இந்த நீட்டு வாங்கிலதான் இருந்தவராம்.

திரும்பிப் பாத்தன். இராஜரட்ணம் அண்ணை. அந்தக் கட்டுக் கையோட உங்கட பெட்டியைத் தூக்க மற்றக் கையைக் குடுத்த மனிசன், என்னட்ட ஒரு சொல்லும் கேக்கேல்லை. "அண்ணை, உங்களைக் காக்க வைச்சது என்ர பிழை" எண்டன். "விடு பிள்ளை, வாங்கு நல்ல மெத்தெண்டுதான் இருந்தது" எண்டார். பலகை வாங்கு! பஸ்ரியன் ரெண்டையும் இங்கிலீசில சொன்னார். அது போதுமெண்டு நீதவான் என்ர குற்றத்தைத் தள்ளுபடி செய்திட்டா. இனி ஏலாட்டி ரெலிபோன் எடுக்கச் சொன்னா. "அம்மா, எங்கட வீட்டில இருந்து ஆரைக் கூப்பிட்டாலும் இனி ஆள் வரும்" எண்டு வாக்குக் குடுத்தன். பிறகு சாட்சிக் கூட்டில ஏறி நிண்டு, கண்டதைக் கண்டபடி சொன்னன். ஆறாம் மாடிக்காரன் அதுக்குப் பிறகு ஒத்துக்கொண்டிட்டான்.

இனிக் கோட்டுக்கும் எங்கட வீட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நீங்கள் நிம்மதியாக இருங்கள். இருக்கிற இடத்தில் பனி கொட்டாமல் இருக்கட்டும்.

உங்கள்
யோகமலர்

பி.கு.: மேலே நிம்மதி என்று எழுதியதை வெட்டிவிடுங்கள். கடிதத்தை மடிக்க முன்னம் தபால் வந்தது. கோட்டில் இருந்துதான், ஆனால் இந்த முறை உங்கள் பெயருக்கு. போன வருசம் சேட்டுக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு போய்ச் சத்தியம் பண்ணிக் கனடாக்காரன் ஆனீர்களே, அதனால் வழக்கொன்றுக்கு ஜூரியாக இருக்கக் கூப்பிடுகிறார்கள். வராவிட்டால் அவமதிப்பாம், பின்னேரம் வந்த நிலாணி வாசித்துச் சொன்னாள். ரெலிபோன் எடுத்து, ஆள் இல்லை எண்டு சொல்லத்தான் வேணும். ரெண்டு தரம் கையில எடுத்தன், வாய் வரேல்லை. அந்த மனிசிக்கு வாக்கும் குடுத்திட்டன். உங்கட அந்தக் கோட்டை அலுமாரியால எடுத்துத் தூசி தட்டித் தொங்க விட்டிருக்கிறன். அண்டைக்கு "நானும் வாறன்" எண்டனியள், இந்த முறையாவது வருவியளோ?