இரண்டு சம்பந்திகளும் கேட்ட ஒரே பாட்டு

சபையில் பாட்டுத் தேர்ந்தெடுப்பவனை ஆராதனை முடிந்ததும் தேடிவந்து பாராட்டிய மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. தேடி வருகிறவர்கள் எல்லாரும் வேறு காரணத்துக்காகத்தான் வருவார்கள். ஒருவருக்குச் சுருதி கூடிவிட்டது, ஒருவருக்குச் சரணம் குறைந்துவிட்டது. இந்த உண்மை தெரியாமல், இருபத்துநாலு வயதில், எங்கள் தீவில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் உள்ள எங்கள் சபையின் பாட்டுப் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். (போட்டிக்கு ஒருவரும் வரவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.)

என் தகுதி மூன்று மாத கிடார் வகுப்பும் ஒரு நீல நோட்டும். அந்த நோட்டில் பாட்டுகளை வகை பிரித்து எழுதியிருந்தேன்: மழை நாளுக்கு, துக்க வீட்டுக்கு, மெயின்லேண்டுக்குக் கப்பலேறுகிறவர்களுக்கு, கப்பல் ரத்தாகித் திரும்பி வருகிறவர்களுக்கு. பாஸ்டர் ஐயா ஒருமுறை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பாட்டு நோட்டா, மருந்துக்கடை நோட்டா?" என்று கேட்டார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம்தான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாண ஆராதனைக்கு நான் பதினொரு பாட்டு எழுதிக்கொண்டு போனேன். பாஸ்டர் ஐயா அதில் ஏழு பாட்டை அடித்துவிட்டார். மிச்சம் நாலு. அந்த நாலில் ஒன்றுதான் எங்கள் வீட்டுக்கு உயிர்ப் பிரச்சினை.

அப்பா சாத்தம் மரமில்லில் வேலை பார்த்தவர். ரம்பச் சத்தத்தோடு போட்டி போட்டுப் பழகிய தொண்டை. ஞாயிற்றுக்கிழமை அவர் பாட ஆரம்பித்தால் மைக்கை அணைத்துவிடுவார்கள். அம்மா பக்கத்தில் நின்று அவர் குரலைப் பிடித்துக்கொண்டே பாடுவாள். அப்பா மாரடைப்பில் போன பிறகு, இரண்டு வருஷம், அம்மா சபையில் வாய் திறக்கவில்லை. புத்தகத்தைச் சரியான பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்வாள், உதடு அசையாது. கேட்டால் "தொண்டை கட்டியிருக்கு" என்பாள். பாஸ்டர் ஐயா சொல்லிப் பார்த்தார், அக்கா அழுது பார்த்தாள். அந்தத் தொண்டைக்கட்டு இறங்கவே இல்லை.

அந்த அம்மா ஒருநாள் மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்: "எல, ஒங்க அப்பா பாட்டு ஒண்ணு உண்டுல்லா, அதக் கல்யாணத்துல போடு. தாலி கட்டுன பொறவு. நா பாடுதேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீல நோட்டை எடுத்து, வேறு எந்தப் பாட்டு போனாலும் இது போகக்கூடாது என்று இரண்டு கோடு போட்டேன்.

மூன்று நாள் கழித்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். பத்துபஸ்தியில் வீடு. மாப்பிள்ளையின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், சின்னப் பிள்ளையாகச் சிலோன் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். டீயைக் கையில் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பி, நம்ம பக்கத்துக்கும் ஒரே ஒரு பாட்டு போட்டுருங்க. சிலோன்ல எங்க அப்பாரு பாடுனது. கச்சால்ல வந்தும் அதையேதான் பாடுனோம். போட முடியும்ல?"

எந்தப் பாட்டு என்றேன். முதல் வரியைச் சொன்னார். அம்மா கேட்ட அதே பாட்டு!

(அந்த வரியை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் படிக்கிறவர் ஒவ்வொருவரும் தன் ராகத்தில் ஆரம்பித்துவிடுவார்கள், மறுபடியும் பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடுவார்கள்.)

நான் அன்று பஸ்ஸில் திரும்பியது ஒரு மகாராஜாவைப் போல. ஒரே பாட்டில் இரண்டு சம்பந்திகளுக்கும் சந்தோஷம், ஓர் இடமும் மிச்சம். அத்தை அந்த வரியைச் சொன்னார், பாடிக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு பாட்டுக்கு ஒரு ராகம்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த அறிவாளியிடம்தான் சபை பாட்டுப் பொறுப்பை ஒப்படைத்திருந்தது.

கல்யாணத்தன்று கோவில் நிரம்பிவிட்டது. இடப்பக்கம் நாங்கள், வலப்பக்கம் பத்துபஸ்தியிலிருந்து இரண்டு பஸ்ஸில் வந்த மாப்பிள்ளை வீட்டார். பின்வரிசைகளில் எங்கள் பெங்காலி, மலையாளி அக்கம்பக்கத்தார். கீபோர்டில் பிரசாத். தெலுங்குப் பையன், தமிழ் தெரியாது, எந்தப் பாட்டையும் ஒரு வரி கேட்டால் பிடித்துக்கொள்வான். ஒத்திகை வேண்டாம், தெரிந்த பாட்டுதானே என்று அவனுக்கு நானே விடுமுறை கொடுத்திருந்தேன்.

தாலி கட்டியாயிற்று. நான் மைக்கைப் பிடித்து எங்கள் ராகத்தில் முதல் வரியை எடுத்தேன். எங்கள் பக்கம் சேர்ந்துகொண்டது. வலப்பக்கமும் சேர்ந்துகொண்டது, அதே வார்த்தை, முற்றிலும் வேறு ராகம். எங்களுடையது இழுத்து இழுத்துப் போகும். அவர்களுடையது கைத்தாளத்தோடு துள்ளிக்கொண்டு போகும். இரண்டாவது வரியில் அவர்கள் எங்களை முந்திவிட்டார்கள். பிரசாத் பாதி வரி இங்கே, பாதி வரி அங்கே என்று அலைந்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினான்.

"பையா, கௌன்சா பஜாவூம்?"

எதை வாசிப்பது என்று கேட்கிறான். அது எனக்குத் தெரிந்திருந்தால் நான் ஏன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கப்போகிறேன்? கல்யாண வீடியோவில் இன்றும் அந்தக் காட்சி இருக்கிறது. அபர்தீன் பஜார் நாற்சந்தியில் சிக்னல் கெட்டுப்போன நேரத்துப் போலீஸ்காரர் போல நிற்கிறேன்.

அம்மாவைப் பார்த்தேன். வாய் மூடியிருந்தது. முதல் வரியை மட்டும் பாடியிருக்கிறாள், பிறகு அந்தப் பெரிய சத்தத்தில் நின்றுபோயிருக்கிறாள். கையில் புத்தகம் சரியான பக்கத்தில் விரிந்திருந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரு மனுஷி பாட வந்தாள், அவள் வாயை நானே அடைத்துவிட்டேன்.

அப்போதுதான் அத்தை அந்தக் காரியத்தைச் செய்தார். சம்பந்தி அம்மா பாட்டை மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, நடைபாதையைத் தாண்டிக் குனிந்து, அம்மாவின் முகத்துக்கு நேராகக் கைதட்டித் தாளம் போட்டுக் கொடுத்தார். சிரித்த முகம், அவ்வளவு அன்பு. ஒரு குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல.

அம்மாவின் மூக்கு விடைத்தது. புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். இரண்டாம் சரணத்தைத் தன் ராகத்தில் எடுத்தாள் பாருங்கள், கோவிலின் தகரக்கூரை அதிர்ந்தது. அப்பாவின் குரலுக்கு அடியில் இத்தனை வருஷம் இப்படி ஒரு குரல் இருந்ததா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அத்தை சும்மா இருப்பாரா? அவரும் எழுந்து நின்று குரலை உயர்த்தினார். மூன்றாம் சரணத்தில் மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கிக்கொள்ள, இரண்டு பேர் மட்டும் பாடினார்கள். பாஸ்டர் ஐயா கண்ணை மூடிக்கொண்டார், ஜெபித்தாரோ என்னவோ. மணமேடையில் அக்கா என்னைப் பார்த்த பார்வையை வீடியோக்காரர் நல்லவேளை எடுக்கவில்லை.

துள்ளுகிற ராகம் முதலில் முடிந்தது. அத்தை நிறுத்தினார். அம்மாவுக்கு இன்னும் ஒன்றரை வரி பாக்கி இருந்தது. விடவில்லை. அந்த நிசப்தத்தில் தனியாக, அப்பா இழுக்கிற இடத்தில் எல்லாம் இழுத்து, கடைசி வார்த்தைவரை பாடி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக எங்கள் ஆறுதல் எதுவும் செய்யாததை அரை நிமிஷ ரோஷம் செய்துவிட்டது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டே அழுதேன், அது ஸ்பீக்கரிலும் கேட்டது.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு பெங்காலிக்காரர் என் தோளைத் தட்டி ஆவலோடு கேட்டார்: "கௌன் ஜீதா?" யார் ஜெயித்தது என்று. இது தமிழர் கல்யாணத்தில் ஒரு சடங்கு என்றே அவர் நினைத்துவிட்டார். பந்தியில் சம்பந்திகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், ஒருவர் இலையை ஒருவர் கவனித்துச் சாப்பிட்டார்கள். அக்கா என்னோடு பேச ஒரு மாதம் ஆனது.

அதற்குப் பிறகு அம்மா பாடாத ஞாயிறு இல்லை. அத்தை எங்கள் சபைக்கு வருகிற நாளில் அம்மா கொஞ்சம் தேவைக்கு அதிகமாகவே பாடுவாள். அந்தப் பாட்டு வந்தால் இரண்டு ராகமும் மோதும். சபைக்கும் பழகிவிட்டது.

போன வருஷம் அத்தைக்குக் கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் படுக்கை. அந்த நாட்களில் ஒரு ஞாயிறு நான் அந்தப் பாட்டைப் போட்டேன். அம்மா எதிர்ப்பே இல்லாமல் இரண்டு சரணம் பாடினாள், பிறகு நிறுத்திவிட்டாள். ஆராதனை முடிந்ததும், "ஆள் இல்லாம என்னத்தப் பாட? வா, பத்துபஸ்திக்குப் போவோம்" என்றாள்.

போனதும் நலம்கூட விசாரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாட்டை எடுத்தாள். அத்தை கட்டுப் போட்ட காலோடு தலையணையில் சாய்ந்து தன் ராகத்தில் எடுத்தார். அத்தான் எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்தினார். நாலு சரணமும் முடிந்து இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது அத்தை கேட்டார்.

"ஒங்க வீட்டுக்காரரு இப்பிடித்தான் பாடுவாரா?"

அத்தனை வருஷத்தில் அதை யாரும் அம்மாவிடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"இன்னுங் கொஞ்சம் இழுப்பாவ" என்றாள் அம்மா, மெதுவாக.

"எங்க, பாடுங்க பாப்பம்."

அம்மா பாடினாள். அத்தை தாளம் போடவில்லை, குறுக்கே வரவில்லை, கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு சம்பந்தி. லேகின் ராகம் தப்பு."

(எங்கள் தீவில் 'ஆனால்' பாதி நேரம் 'லேகின்'தான்.)

அம்மா அன்று சிரித்த சிரிப்பு, அப்பா இருந்தபோது சிரித்தது. அதிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் மீன்குழம்புக்கும், புதுச் சட்டைக்கும், அக்கா மகளின் பரீட்சை மார்க்குக்கும் அத்தையின் அந்த ஒரே தீர்ப்புதான். நேற்று வரப்போகும் ஞாயிற்றுக்கான பாட்டுப் பட்டியலை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படித்தாள்.

"நல்லாத்தான் இருக்குல" என்றாள். மிச்சத்தை நான் கேட்கவில்லை, அதற்குள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா உள்ளேயிருந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.