மாமாவின் டியூப்பும் என் படர்தாமரையும்

எங்கள் வீட்டில் சீப்பு, செருப்பு, மருந்து மூன்றும் பொதுச்சொத்து. யாருக்கு வாங்கியது, எதற்கு வாங்கியது என்று கேட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள். (கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை என் கையைக் கேளுங்கள்.)

கேரளம் என்று புது ராஜ்யம் வந்த சமயம். அதில் சேர்ந்த எங்கள் ஊர் பெருமாட்டியில், தோட்டத்துக் கன்றுக்குட்டியைக் கொஞ்சிக் கொஞ்சி, முழங்கைக்குக் கீழே காலணா அளவில் ஒரு படர்தாமரை வாங்கியிருந்தேன். எனக்கோ நிச்சயத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அப்போதுதான் அக்காள் புருஷன், எங்கள் மாமா, வந்து சேர்ந்தார். காலில் வந்த கரப்பானுக்குக் கோயமுத்தூர் டாக்டர் எழுதிக் கொடுத்த சீமை ஆயின்மென்ட் டியூப் அவர் இடுப்பிலேயே இருந்தது.

"இதைத் தடவு அம்மிணி. அரிப்பும் அடங்கும், கிருமியும் சாகும்."

"எனக்கு வந்தது வேறயாச்சுங்களே மாமா?"

"தோலுன்னா எல்லாம் ஒரே தோலுதான். பேசாமத் தடவு."

சொன்னபடியே அரிப்பு நின்றது, சிவப்பும் மங்கியது. வீடே மாமாவைக் கொண்டாடியது. அம்மா தன் வேர்க்குருவுக்கும் அதையே தடவிக்கொண்டாள். நான் வேளை தவறாமல் அப்பினேன். டியூப் பாதி காலியானபோதுதான் பார்க்கிறேன், காலணா ஓசைப்படாமல் தோசையாகி, தோள்வரை குட்டி போட்டிருக்கிறது! ஒரு நாள் தடவாமல் விட்டால் பிடுங்கித் தின்றது. "இன்னும் நல்லா அழுத்தித் தடவோணும்" என்றார் மாமா. அந்த மனுஷனை என்ன செய்தால் தகும், சொல்லுங்கள்!

நிச்சயத்தன்று சித்திரை வெயிலில், மணிக்கட்டு வரை மூடிய ரவிக்கைக்குள் வெந்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அத்தை சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பெண்ணுக்கு முழங்கை வரை பூசிவிட்டு, அதே கையால் வரிசையாக மற்றப் பெண்களுக்கும் பூசுவது வழக்கம்.

"கையை மேல ஏத்திக்க கண்ணு."

"வேண்டாமுங்க."

அவர் கையைப் பிடித்து இழுத்தார். "தொடாதீங்க, ஒட்டிக்கும்!" என்று அலறிவிட்டேன்.

ரவிக்கைக் கை மேலே ஏறியது. "பெருநோயா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கொண்டுவந்த தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மாமா டியூப்பைத் தூக்கிக் காட்டி, "பயப்படாதீங்க, மருந்து என்ற கையிலயே இருக்குதுங்க!" என்றார்.

மாப்பிள்ளை அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "ஏனுங்க, டாக்டரு இதை யாருக்குக் கொடுத்தாரு?"

"எனக்குத்தானுங்க. கரப்பானுக்கு."

"அம்மா, தட்டைக் கீழ வைங்க. பக்கத்துல சித்தூர் டாக்டர்கிட்டக் காட்டிட்டு அப்புறம் பேசலாம்."

அந்த டாக்டர் என் கையைப் பார்த்ததைவிட டியூப்பை அதிகம் முறைத்தார். "பெருநோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாதாரணப் படர்தாமரை. இந்த மருந்து கொல்லுற கிருமி வேற. இதுக்குப் போட்டா சிவப்பையும் அரிப்பையும் அமுக்கி வைக்கும், அடியில தாமரை தாராளமாப் பரவும். யாரு போடச் சொன்னது?"

நாங்கள் எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். மாமா ஜன்னலைப் பார்த்தார்.

டாக்டர் கொடுத்த வேறு களிம்பு எரி எரியென்று எரிந்தது. ஆனால் தாமரை ஒழிந்தது, ஆவணியில் கல்யாணமும் நடந்தது. அன்றைக்கும் அந்த அத்தை எட்ட நின்று, வெற்றிலை நுனியால்தான் எனக்குச் சந்தனம் பூசினார்.

இன்றுவரை எங்கள் வீட்டில் யாராவது தும்மினால் போதும், என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்தே கேட்பார்: "டாக்டர்கிட்டயா, மாமாகிட்டயா?"

மாமாவும் பக்கத்தில் இருந்தால் விட்டுக்கொடுக்க மாட்டார். "அது நல்ல மருந்துதானுங்க மாப்பிள்ளை. இவ கைதான் சரியில்ல."